மாடியை விட்டு இறங்காத புத்தகம்

"காட்டுக்குள்ள சக்கர நாற்காலிக்குப் பாதையா? பத்து வருஷமா இந்தப் புகார்ப் புத்தகத்துல ஒருத்தர்கூட அப்படிக் கேட்டு எழுதலையேம்மா," என்றார் வனப் பூங்கா அதிகாரி.

"எழுதணும்னுதான் என் வீட்டுக்காரர் வந்திருக்காரு. புத்தகத்தைக் கொஞ்சம் கீழ கொண்டுபோகட்டுமா சார்?"

"அது மட்டும் முடியாது. 'புத்தகம் மாடியை விட்டு இறங்கக்கூடாது. எழுதுபவர் மேலே வரவேண்டும்'னு பழைய அதிகாரி அட்டையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காரு, பாருங்க."

அவள் ஜன்னலைக் காட்டினாள். பதினெட்டுப் படிகளுக்குக் கீழே, சக்கர நாற்காலியில் ஒருவர் மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கையெழுத்து அவரோடதுதான் சார். காட்டுத்தீயில ரெண்டு காலும் போறதுக்கு முன்னாடி போட்டது. மொதல்ல அந்த வரியைத் தன் கையாலேயே அடிக்கணுமாம்."