தொப்பிப் பரிசோதனை

பிலிப்பா தொப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அதன் விளிம்பை இரண்டு கைகளாலும் இழுத்தார்.

தம் காதையே யாரோ இழுப்பதுபோல வில்ஃப்ரட் நெளிந்தார்.

இழை பிரியவில்லை. பின்னலின் கண்கள்கூட வெளியே தெரியவில்லை.

கோடைகால வார இறுதிகளில், பார்வையாளர்களுக்காக, இங்கிலாந்தின் அந்த வார்விக்ஷயர் மாளிகை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய டியூடர் அரசர்களின் காலத்துக்குத் திரும்பிவிடும். யாருக்கு எந்த வேடம் என்பதை வேடமிடும் குழுவின் ஆடைப் பரிசோதகரான பிலிப்பாதான் தீர்மானிப்பார். அக்கால முறைப்படி செய்த தொப்பி இல்லாதவருக்கு அவர் வழங்கும் வேடம் ஒன்றே ஒன்று: வாசலில் அமரும் பிச்சைக்காரர்.

சென்ற கோடை முழுவதும் வில்ஃப்ரட் வெறுந்தலையோடு வைக்கோலின்மேல் அமர்ந்திருந்தார். குழந்தைகள் அவர்மீது உருளைக்கிழங்கு வறுவலை எறிந்தார்கள். ஒவ்வொரு வறுவலுக்கும் அவர் தனித்தனியே நன்றி கூறினார்.

உள்ளே, ரொட்டிக்கூடத்தில் டோரீன் மாவு பிசைவார். அங்கிருந்து எழும் சிரிப்பு வாசல்வரை வரும்.

தொப்பி தேறினால் ரொட்டி அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை வில்ஃப்ரட்டுக்கு என்று பிலிப்பா வாக்களித்திருந்தார். அடுப்பு, டோரீனின் மாவுப்பலகைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் வில்ஃப்ரட் வேறு எதையும் விரும்பவில்லை.

எனவே பின்னக் கற்றுக்கொண்டார்.

வாளி அளவுக்குப் பின்னி, வெந்நீரிலும் சோப்பிலும் கசக்கித் தலையளவுக்குச் சுருக்க வேண்டும். முதல் தொப்பி, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், அவித்த முட்டைக்குப் பொருந்தும் அளவுக்குச் சுருங்கியது. இரண்டாவதைக் குளியல் தொட்டியில் போட்டு மாலைவரை மிதித்தார். அது அணுவளவும் சுருங்கவில்லை. எப்படித் துவைத்தாலும் சுருங்காத கம்பளி என்று நூற்கண்டின்மேல் அச்சிட்டிருந்ததைப் பிறகுதான் வாசித்தார்.

மூன்றாவது தொப்பி இப்போது பிலிப்பாவின் கையில் இருந்தது.

"என்ன பிச்சைக்காரரே, மொகம் வெளுத்துப்போச்சு?" மாவுக்கையோடு டோரீன் பக்கத்தில் வந்து நின்றார். "அந்தம்மா தொப்பியத்தான் இழுக்குது, உங்கள இல்ல."

பிலிப்பா தம் தேநீர்க் குவளையில் விரலை நனைத்துத் தொப்பியின்மேல் ஒரு சொட்டு விட்டார். சொட்டு உள்ளே இறங்காமல் உருண்டோடித் தரையில் விழுந்தது.

"அடேயப்பா! என் கண்ணே பட்டுடும் போலிருக்கே," என்றார் பிலிப்பா.

டோரீன் கைதட்டினார். மாவு புகையாகக் கிளம்பியது. வில்ஃப்ரட் இருவருக்கும் ஒருமுறை, தொப்பிக்கு ஒருமுறை தலை வணங்கினார்.

"இவ்வளவு நேர்த்தி தெரிஞ்ச மனுஷனப் போய் வெறகு தள்ள விடுறதாவது!" என்றார் பிலிப்பா. "பண்ணையார் வேஷம் போட்ட ரூபர்ட் ஸ்பெயினுக்கே குடிபோயிட்டாரு. இனிமே நீங்கதான் நம்ம பண்ணையார்."

வில்ஃப்ரட்டின் புன்னகை இருந்த இடத்திலேயே உறைந்தது.

பண்ணையார் மேல்மாடியில், மெழுகில் செய்த மயில்கறிக்கு முன்னால் நாள் முழுவதும் தனியாக அமர்ந்திருப்பார். ரொட்டிக்கூடத்தின் படியை அவர் மிதிக்கக் கூடாது.

"தொப்பி...?" என்று மெல்லக் கேட்டார்.

"கம்பளித் தொப்பியெல்லாம் சாமானிய ஜனங்களுக்குத்தானே, உங்களுக்குத் தெரியாததா? பண்ணையாருக்கு வெல்வெட்டு, எறகோட. இத ரொட்டிக்கூடத்துக்கு வர்ற புது ஆளுக்குக் குடுத்துருவோம்."

"அப்போ கும்புடுறோம் பண்ணையாரய்யா," என்றார் டோரீன். சொல்லிவிட்டு, ஏனோ, சிரிக்கவில்லை.

வில்ஃப்ரட் தம் வாழ்நாளில் யாருக்கும் மறுப்புச் சொன்னதில்லை. பல் மருத்துவர் நல்ல பல்லைப் பிடுங்கத் தொடங்கியபோதுகூட, அவர் மனம் புண்படுமே என்று வாயைத் திறந்தே வைத்திருந்தவர்.

ஆனால், மறுக்கத்தான் அவருக்குத் தெரியாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தெரியும். இல்லாத குற்றமாக இருந்தாலும் சரி. மறுபடி வாசலுக்கே அனுப்பிவிடுவார்கள். அனுப்பட்டும், வாசலிலாவது அந்தச் சிரிப்பு கேட்கும், மேல்மாடிக்கு அதுவும் எட்டாது.

"மன்னிக்கணும்ங்க," என்றார். "அத நான் கையால சுருக்கல. வாஷிங் மெஷின்ல போட்டு எடுத்தேன்."

டோரீன் வாயைப் பொத்திக்கொண்டார். குழுவின் விதிகளில் இதைவிடப் பெரிய குற்றம் இல்லை.

பிலிப்பா இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பிறகு, கையாலேயே செய்தது என்று ஆண்டுதோறும் பார்வையாளர்களுக்குக் காட்டும் தம் சொந்தத் தொப்பியின் விளிம்பு வில்ஃப்ரட்டின் காதில் உரசும் அளவுக்கு நெருங்கி வந்தார்.

"மெதுவாப் பேசுங்க," என்று கிசுகிசுத்தார். "தண்ணிச் சூடு நாப்பது டிகிரியா, அறுவதா? எனக்கு ஒருதடவகூட இந்த மாதிரி வந்ததில்ல."

வில்ஃப்ரட்டுக்கு விடை தெரியவில்லை. அந்த இயந்திரத்துக்குள் அவர் ஒரு கைக்குட்டையைக்கூட நம்பிப் போட்டதில்லை.

தெரியாது என்று சொல்லிவிட அவர் வாயைத் திறந்தார். டோரீனைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

பிறகு, மிகுந்த பணிவோடு, பிலிப்பாவின் கையிலிருந்து தொப்பியை வாங்கித் தம் தலையில் வைத்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க," என்றார். "அத ரொட்டிக்கூடத்துல வச்சுத்தான் சொல்ல முடியும்."