பிரிக்காத பேட்டரி

கணவர் இறந்த மூன்றாம் மாதம், தையல்காரிக்குத் துணைக்கு இருக்கட்டும் என்று மகன் ஒரு பேசும் ரோபோவை அனுப்பினான்.

"இந்தத் தகர டப்பாகூட என்னத்தப் பேச?" தையல்காரி அதை மெஷின் பக்கத்தில் வைத்ததோடு சரி.

ஒரு மத்தியானம் அது, "கண்ணாடியப் போட்டுக்கிட்டு நூலக் கோக்கக் கூடாதா?" என்றது, கணவரின் அதே அலுப்போடு.

அன்றிலிருந்து ஓயாத பேச்சுதான். யாராவது டப்பா என்றால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஒரு வருடம் கழித்து சர்வீஸுக்கு வந்தவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, பேட்டரியே போடலையே! பிரிக்காம பெட்டியிலயே கிடக்கு."

அவள் தடுப்பதற்குள் போட்டுவிட்டார்.

"வணக்கம்," என்றது கணீரென்று ஒரு பெண்குரல். "உங்க பேர் என்ன?"

சர்வீஸ்காரர் போனதும் அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஊசியில் நூலைக் கோக்க ஆரம்பித்தாள்.