ஞாயிற்றுக்கிழமை வந்த விளம்பரம்

“கண்ட சீரியலையும் பாட்டையும் இறக்கினா இப்படித்தாம்மா ஆகும்!” என்று முதலாளி ஆத்மநாதன் சத்தம் போட்டார்.

ஜெகதாப்பட்டினத்தில் அவருடைய ஐஸ் பிளாண்டில் கணக்கு எழுதும் மரிய செல்விக்கு அழுகையே வந்துவிட்டது. பில் போட உட்கார்ந்தால் போதும், கம்ப்யூட்டரில் விளம்பரம் மேல் விளம்பரமாக வந்து விழுந்தது. என்ன ஏதென்று படிக்காமல் ஒவ்வொன்றாக மூடி மூடியே அவளுக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது.

“நான் எதையும் இறக்கலைங்கய்யா.”

“பின்னே தானாவா வந்துச்சு? ஒனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?”

கம்ப்யூட்டர் கடையிலிருந்து சரிசெய்ய வந்திருந்த கோபிநாத் நிமிர்ந்தான். “போட்டோவைப் பிடிஎஃப் ஆக்குற சாப்ட்வேரை யாரோ ஓசியில இறக்கியிருக்காங்க. அதோட ஒட்டிக்கிட்டு வந்துருக்கு. நாம என்ன தேடுறோம்னு வேவு பார்த்து, அதுக்குத் தோதா விளம்பரம் காட்டும். போன ஞாயித்துக்கிழமை ஏறியிருக்கு.”

“ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுங்களே. சர்ச்சுல பூசைக்குப் போயிருவேன்” என்றாள் செல்வி.

அன்று ஆபீஸ் சாவி முதலாளியிடம்தான் இருக்கும். அவர் குரல் சட்டென்று இறங்கியது.

“சரி சரி, சீக்கிரம் அழிச்சு விடுப்பா” என்று வெளியே போய்விட்டார்.

கோபிநாத் அழிப்பதற்குள் செல்வி முதல்முறையாக அந்த விளம்பரங்களைப் படித்தாள்.

‘பழைய ஐஸ் மெஷின்களுக்கு நல்ல விலை.’

‘தொழிற்சாலையை இடத்தோடு வாங்கிக்கொள்கிறோம்.’

‘திருச்சியில் உடனே குடியேற வீடுகள்.’

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தம்பி, ஒங்க கடையில கணக்கு எழுத ஆள் வேணுமா?”