கிளிக்குத் திரும்பாதவள்

"இன்னொரு தடவை அமுக்குங்க. இப்போ திரும்புவா பாருங்க."

உதட்டில் கவ்விய குண்டூசிகளை எடுக்காமலே சொன்னாள் மனைவி. அவள் மடியில் யாருடைய பேண்ட்டோ பாதி தைத்த நிலையில் கிடந்தது.

கணவன் மகளின் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டு, பொம்மைக் கிளியின் வயிற்றை அமுக்கினான். கிளி வாயைத் திறந்து திறந்து மூடியது. மகளுக்கு ஒன்றேகால் வயது. அப்பாவின் சாக்ஸுக்குள் கையை விட்டு மும்முரமாக ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தவள், திரும்பவே இல்லை.

"சரி, விடு" என்றான் அவன். கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். நகக்கண்ணெல்லாம் நீலம். 'விடு' என்று சொன்னதும் அவன் கை தொய்ந்து விழுந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மகள் பிறவியிலேயே காது கேளாதவள். காதுக்குள் வரும் சத்தத்தை நரம்புக்குக் கைமாற்றிவிட ஒரு புரதம் வேண்டும். அதைத் தயாரிக்கிற மரபணு அவளிடம் பழுது. அம்மா வழியில் ஒரு பழுது, அப்பா வழியில் ஒரு பழுது என்று இரண்டு பக்கமும் சீர் வாங்கிக்கொண்டு பிறந்திருந்தாள்.

இதற்குப் புதிதாக ஒரு சிகிச்சை வந்திருக்கிறது என்றார் டாக்டர். சரியான மரபணுவை, நோய் தராத ஒரு வைரஸின் முதுகில் ஏற்றி உள்காதுக்குள் அனுப்புவார்களாம். பலித்தால் சில வாரங்களில் கேட்கத் தொடங்கும். ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

அவன் வேண்டவே வேண்டாம் என்றான். பாப்பாவுக்கு இப்போது என்ன குறைச்சல், முகத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்கிறாள், அந்தப் பொட்டுக் காதில் போய் ஊசி குத்த வேண்டுமா என்று மல்லுக்கு நின்றான். அவள்தான் ஒற்றைக் காலில் நின்று சம்மதிக்க வைத்தாள்.

சிகிச்சை முடிந்து வாரங்கள் ஓடிவிட்டன. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கத்தான் அந்தக் கிளி. கடைக்காரர் தன் இரண்டு காதையும் பொத்திக் காட்டிச் சிரித்தபடி விற்றது. அதற்கே அசையாதவள் வேறு எதற்கு அசைவாள்? போதாக்குறைக்கு, பிள்ளையின் தூக்கமும் கெட்டுவிட்டது. அம்மா தையல் மெஷினை மிதித்தாலே திடுக்கிட்டு எழுந்து, முகம் சிவக்க அழுகிறாள்.

"என் பிடிவாதத்துக்குப் பிள்ளையைப் படுத்திட்டேன்" என்றாள்.

அவன் மகளை இரண்டு கையாலும் தூக்கி அணைத்திருந்தான். அவளை இறக்கிவிட்ட பிறகுதான் நிதானமாகப் பதில் சொன்னான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில பலிக்கலைன்னு சொல்லிட்டா, திரும்ப ஊசி கீசின்னு ஆரம்பிக்கக் கூடாது. பாப்பா இப்படியே நமக்குப் போதும்."

அவள் தலையாட்டினாள். ஆட்டும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இவர்களைப் பார்த்தது பேச்சுப் பயிற்சி தரும் அக்கா. அங்கே இவர்களோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேசக்கூடிய ஒரே ஆள் அவள்தான். கனத்த கதவு போட்ட சின்ன அறை, தரையில் மரக்கட்டைகள். மகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தானே தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

மனைவி ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். நம்பாவிட்டால் நீங்களே பாருங்கள் என்று பையிலிருந்து கிளியை எடுத்து, மகளின் பின்னால் பிடித்து அமுக்கினாள். கிளி வாயைத் திறந்து திறந்து மூடியது. மகள் திரும்பவில்லை.

அக்கா கிளியையே ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு எழுந்து, மேஜையிலிருந்த டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு மகளின் முதுகுப் பக்கம் போய் நின்றாள். லேசாக ஒரு தட்டு.

கட்டையை வைக்கப்போன குட்டிக் கை அப்படியே நின்றது. மகள் திரும்பினாள்.

அக்கா அந்தப் பக்கமாக நகர்ந்து மறுபடி தட்டினாள். மகள் அந்தப் பக்கமும் திரும்பி, டம்ளரைக் கொடு என்று கை நீட்டினாள்.

வேண்டாம் என்று மல்லுக்கு நின்ற மனிதன் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. இத்தனை ஆசையைத் தனக்குள் எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மனைவிக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. சந்தோஷப்படவே பயமாக இருந்தது. கிளியை எடுத்து இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தாள். மகள் கண்டுகொள்ளவே இல்லை.

"அப்போ இதுக்கு மட்டும் ஏன் திரும்ப மாட்டேங்கறா?"

அக்கா டம்ளரையும் ஸ்பூனையும் கீழே வைத்தாள். இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி எதிரில் வந்து நின்று, கைகளை உயர்த்தி, இத்தனை நேரமும் மூவரும் பேசிக்கொண்டிருந்த அந்தச் சைகை மொழியிலேயே சொன்னாள்.

"கிளி ரிப்பேர். வாயை மட்டும்தான் திறக்குது, சத்தமே வரலை. உங்க வீட்டுல காது கேக்கறது இவ ஒருத்திக்குத்தான். வராத சத்தத்துக்கு அவ எப்படித் திரும்புவா?"