மூன்று பதில்கள்

கணினியில் ஆடும் கதை விளையாட்டுகளுக்கு வசனம் எழுதுவதுதான் யாழினியின் வேலை. ஊரையே அழவைத்த விளையாட்டுகள் அவை. திரையில் மழையும் முகமும் அவ்வளவு தத்ரூபம். ஆனால் ஆடுபவர் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் கதை ஒரே முடிவுக்குத்தான் போகும். தேர்வெல்லாம் சும்மா ஒப்புக்கு.

இப்போது அதே வசனங்கள் வீட்டுப் பேச்சுக்கும் வந்துவிட்டன. எதிரில் இருப்பவர் வாய் திறந்தால் போதும், மூக்குக்கண்ணாடியில் மூன்று பதில்கள் மிதக்கும். அவள் கணவன் செழியன் குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவான்.

"நான் போறேன். இனிமே வரமாட்டேன்," என்றாள் யாழினி, பெட்டியை மூடிக்கொண்டே.

செழியனின் விழிகள் மூன்று வரிகளின் மேல் ஓடின. பிறகு குரல் தழுதழுக்க, "உன் மௌனத்தைக்கூட நான் கேட்டிருக்கணும்," என்றான்.

விளையாட்டில் வரும் ஒரு கடற்கொள்ளைக்காரனுக்காக, ஆறிப்போன டீயைத் திட்டிக்கொண்டே அவள் எழுதிய வரி அது.

"ரெண்டாவதை எடுத்தியா? அந்தக் கதையில மூணுல எதை எடுத்தாலும் அவன் பொண்டாட்டி போயிடுவா. நான்தான் எழுதினேன்."

செழியன் திகைத்துப்போய்க் கண்ணாடியைக் கழற்றினான். பெட்டியைப் பிடித்திருந்த அவள் கை தயங்கியது.

அவன் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டான்.

"இப்ப சொல்லு," என்றான். "முதல்லேர்ந்து."