காற்று நிற்காத லாரி

"மறுபடியும் காத்து நிக்கல மாப்ள! நீ போட்டது பிரேக்கா, இல்ல ஓட்டை பலூனா?"

அக்கா புருஷன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கூப்பிட்டாரே என்று பட்டறையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த மெக்கானிக்குக்கு வந்ததே கோபம்.

"மச்சான், போன வாரம் வால்வை மாத்தினேன். அதுக்கு முந்தின வாரம் பைப்பு மொத்தத்தையும் மாத்தினேன். இனிமே மாத்தணும்னா உங்களைத்தான் மாத்தணும்!"

வீட்டை ஒட்டி அந்தப் பழைய ராணுவ லாரி ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றிருந்தது. ஏலத்தில் எடுத்த வண்டி. குவாரிக் கல் பாரத்தைப் பழைய அச்சு தாங்காது என்று கனமான அச்சுகளை மாட்டி, ஆயில் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஏர் பிரேக் வைத்துக் கொடுத்தது மெக்கானிக்தான். வெயிலென்றும் மழையென்றும் பார்க்காமல் மண்ணில் புரண்டு செய்த வேலை. அச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. இந்தக் காற்றுதான் மானத்தை வாங்கியது.

ராத்திரி டேங்க் நிறையக் காற்றோடு நிறுத்துகிற வண்டி, காலையில் பார்த்தால் காலி. காற்று இல்லாவிட்டால் பிரேக் பிடித்த பிடியை விடாது. இஞ்சினை ஓடவிட்டு, காற்று ஏறும்வரை தேவுடு காக்க வேண்டியதுதான்.

"நான் வீடு வந்து சேரும்போது ஊரே தூங்குது. விடியறதுக்குள்ள திரும்பக் கிளம்பணும். இஞ்சின் போடுற சத்தத்துல உன் மருமக எந்திரிச்சு வந்து கேபின்ல ஏறி உக்காந்துக்குறா. ஒரே கதை! நான் குவாரிக்குப் போறதுக்குள்ள பின்னாடி வந்தவனெல்லாம் லோடு ஏத்திட்டுப் போயிடுறான். இன்னிக்கு இந்தத் தண்டத்துக்காக வேலைக்கே போகல!"

"சும்மா அவனையே திட்டாதீங்க. ராணுவ வண்டி. அதோட குணம் அப்படி" என்றாள் அக்கா, தம்பியிடம் டீயை நீட்டியபடி.

"குணமாவது மண்ணாவது! எல்லாம் நான் புதுசாப் போட்ட சாமான்க்கா!"

அவள் ஆறுதலைக் கேட்டுத்தான் அவனுக்கு இன்னும் எரிந்தது. என் தம்பிக்கு வேலை தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்கிறாளா பார்!

"கடைசியாச் சொல்றேன் மாப்ள. இன்னிக்குச் சரி பண்ணு. இல்லன்னா நாளைக்கே உன் எதிர்ப் பட்டறையில விட்டு எல்லாத்தையும் பிடுங்கிப் போடச் சொல்லிடுவேன்."

எதிர்ப் பட்டறையா! அந்தப் பட்டறைக்காரன் சிரிக்கிற சிரிப்பு இப்போதே காதில் விழுந்தது. சொந்த அக்கா வீட்டு வண்டியே கைமாறிப் போனால், அப்புறம் வேறு எவன் தன்னிடம் வண்டியை விடுவான்?

விட்டேனா பார் என்று இஞ்சினை ஓடவிட்டு டேங்கை நிரப்பினான். வாளியில் சோப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான். ஒரு மூட்டு விடாமல் நுரையைத் தடவினான். டேங்கில் தேங்கும் தண்ணீரை வெளியேற்ற அடியில் ஒரு வளையம் உண்டு. வண்டியை ஒப்படைத்த அன்று எல்லாரையும் நிற்கவைத்துப் பெருமையாக இழுத்துக் காட்டிய வளையம். அதையும் விடவில்லை. எங்கேயாவது ஒரு குமிழி வரவேண்டுமே! கேபினில் ஏறிப் பார்த்தால், காற்றளவு காட்டும் முள்ளும் நின்ற இடத்திலேயே நின்றது.

வெறுத்துப்போய்ப் பின் அச்சுக்குப் பின்னால் மறுபடியும் போய்ப் படுத்தான். மச்சான் மகளோடு உள்ளே சாப்பிட உட்கார்ந்துவிட்டார். மெல்ல இருட்டிக்கொண்டு வந்தது.

புஸ்ஸ்ஸ்ஸ்!

அலறிப் புடைத்துக்கொண்டு திரும்பினான். அந்த வளையத்தை ஒரு கை இழுத்துப் பிடித்திருந்தது.

"அக்கா! நீயா?"

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. வளையத்தை மட்டும் விடவில்லை.

"கத்தித் தொலைக்காதடா! உன் மருமக பொறந்ததுலேர்ந்து அவ அப்பா எப்ப வர்றாரு, எப்ப போறாருன்னே தெரியாம வளர்ந்தா. இப்பத்தான் தினமும் அவர்கூட உக்காந்து பேசுறா."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்ன மாப்ள, கண்டுபிடிச்சியா இல்லையா?"

அவன் அக்காவைப் பார்த்தான். நுரை வாளியைக் கவிழ்த்தான்.

"அக்கா சொன்னதுதான் சரி மச்சான்! இது ராணுவ வண்டி. எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும் இதோட குணம் மாறாது!"