மூன்று வரி ஹோம்வொர்க்

“என் ஃப்ரெண்ட் ஒரு விஷயம் சொன்னா நீங்க நம்புவீங்களா, மிஸ்?”

கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆஞ்சலா மிஸ் திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் மூன்றாம் வகுப்பு மொத்தமும் மைதானத்துக்கு ஓடிவிட்டது. மமதா மட்டும் சித்ரான்ன டப்பாவைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“நம்புவேனே. என்ன விஷயம் கண்ணு?”

“நேத்து கிளாஸ்ல சொன்னீங்கல்ல, அந்த மாதிரி விஷயம்.”

ஆஞ்சலா டஸ்டரைக் கீழே வைத்தாள்.

உடம்பில் யார் எங்கே தொடக் கூடாது, தொட்டால் எப்படிச் சத்தம் போடுவது, யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வது என்று முந்தின நாள்தான் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தாள். லிங்கராஜபுரத்தின் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு இதெல்லாம் புதுசு. பெற்றோர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியாக வந்தது மமதாவின் அப்பா தினேஷின் கையெழுத்து. சிட்டி பஸ் டிரைவர். பெற்றோர் கூட்டத்தில் மற்றவர்கள் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் பாதியில் எழுந்து போய்விட்டார். மூன்று வாரம் கழித்து, கசங்கிப்போன தாளில் கையெழுத்து வந்து சேர்ந்தது.

“யாரு அந்த ஃப்ரெண்ட்? நம்ம கிளாஸா?”

“பேர் சொல்ல மாட்டேன் மிஸ். இன்னும் பர்மிஷன் வாங்கல.”

“வயசாவது சொல்லு.”

“அது நடந்தப்போ எட்டு.”

மமதாவுக்கும் எட்டு வயசுதான். ‘என் ஃப்ரெண்டுக்கு’ என்று ஆரம்பிக்கிற குழந்தை பெரும்பாலும் தன்னைப் பற்றித்தான் பேசும் என்று இந்தப் பாடத்துக்கான பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆஞ்சலா அவள் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“யார் செஞ்சாங்கன்னு சொன்னாங்களா?”

“வீட்டுக்கு வந்து போறவங்களாம். அதுக்கு மேல சொல்ல வரல, அழுகை வந்துடுச்சு. நைட்ல லைட் ஆஃப் பண்ணா தூக்கமே வராது மிஸ். யார்கிட்டயும் சொன்னதே இல்லயாம்.”

“உங்க அப்பாவுக்கு இது தெரியுமா?”

“தெரியும். ஸ்கூல்ல சொல்ல வேணாம்னு சொன்னாரு. நான்தான் ஒத்துக்கல.”

கையெழுத்துப் போட மூன்று வாரம் எடுத்துக்கொண்ட அந்த மனிதரின் முகம் ஆஞ்சலாவின் கண் முன்னே வந்து நின்றது.

“சரி மிஸ், இப்ப அந்த மூணு வரியைச் சொல்லுங்க பாப்போம்,” என்றாள் மமதா.

அதுதான் நேற்றைய ஹோம்வொர்க். வீட்டில் அப்பாவோ அம்மாவோ குழந்தையாக நடிக்க வேண்டும். குழந்தை பெரியவராக இருந்து கேட்டு, மூன்று வரியில் பதில் சொல்ல வேண்டும். சரியான பதில் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டால், அது கிடைக்கும்வரை ஒரு குழந்தை ஆள் மாற்றி ஆளிடம் சொல்லிக்கொண்டே போகும் அல்லவா?

“நான் உன்னை நம்பறேன். தப்பு உன் மேல இல்ல. என்கிட்ட சொன்னது நல்லதாச்சு,” என்று ஒப்பித்தாள் ஆஞ்சலா.

“வேகமா சொல்றீங்க மிஸ். மெதுவா, கண்ணைப் பாத்துச் சொல்லணும்.”

ஆஞ்சலா மறுபடி சொன்னாள், மெதுவாக, கண்ணைப் பார்த்து. மமதா தலையை ஆட்டினாள்.

“ஓகே. ஸ்கூல் விட்டதும் இங்கயே இருங்க. கூட்டிட்டு வரேன்.”

அவள் போன பிறகும் ஆஞ்சலா அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாடம் நடத்த ஆரம்பித்து இருபது வருஷம் ஆகிறது. இப்படி ஒரு பிள்ளை அவளையே பரீட்சை வைத்துப் பார்த்ததில்லை. இந்தத் துளியூண்டு உடம்புக்குள் இவ்வளவு தைரியம் எங்கே இருக்கிறது என்று மலைப்பாக இருந்தது. அழுகையும் வந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லிவிட்டாள். குழந்தைகள் ஹெல்ப்லைன் எண்ணை போனில் போட்டு வைத்துக்கொண்டாள். என்ன ஆனாலும் இன்றைக்கு மமதாவை அந்த அப்பாவோடு அனுப்புவதில்லை என்று முடிவு செய்தாள்.

மூன்றரை மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. காக்கிச் சட்டையோடு தினேஷ் மைதானத்தில் வந்துகொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தவள் மமதா. இரண்டு இடத்தில் அவர் நின்றார். இரண்டு முறையும் அவள் நின்று ஏதோ சொல்லி, மறுபடி இழுத்தாள்.

‘வாயைத் திறக்க விடாமல் செய்யத்தான் கூடவே வருகிறான்,’ என்று நினைத்தாள் ஆஞ்சலா. வாசலில் போய் வழியை மறித்து நின்றாள்.

“மமதா, நீ இங்க வா. மிஸ் பக்கத்துல நில்லு. சார், நீங்க அங்கயே இருங்க.”

தினேஷ் அங்கேயே நின்றுவிட்டார். மமதா அவர் கையை விடவில்லை.

“நேத்து ஹோம்வொர்க் செஞ்சோம் மிஸ்,” என்றாள். “அப்பா குழந்தை, நான் பெரியவங்க. ஆனா அப்பா நடிக்கல.”

ஆஞ்சலா விலகி வழிவிட்டாள். மமதா அவரை உள்ளே கூட்டிப் போய், முதல் பெஞ்சில் தன் இடத்தில் உட்கார வைத்தாள். சின்னப் பெஞ்ச், அவர் முழங்கால் இரண்டும் மேசையில் இடித்தன.

“பயப்படாம சொல்லுப்பா. மிஸ்ஸுக்கு மூணு வரியும் தெரியும். நான் செக் பண்ணிட்டேன்.”

தினேஷ் தலை நிமிராமலேயே சொன்னார்: “எனக்கு அப்போ எட்டு வயசு, மிஸ்.”